ஒரு பெரிய பகா எண்ணும் ஒரு தவறான பதிலும்

கடந்த ஆண்டு நம் கழகம் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் நடத்திய இருநாள் முகாமில், கணித அங்கம் என் பொறுப்பில் விடப்பட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஏறக்குறைய இருபது பேர். வாய்ப்பாட்டை ஒப்புவிக்கச் சொல்லி நேரத்தைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே, உலகில் இதுவரை அறியப்பட்ட பகா எண்களிலேயே மிகப் பெரியதைப் பற்றிப் பேசினேன். அதை முழுமையாக எழுதினால் 41,024,320 இலக்கங்கள் வரும். நொடிக்கு ஓர் இலக்கம் என்று உண்ணாமல் உறங்காமல் வாசித்தாலும் ஏறத்தாழ 475 நாள்கள் பிடிக்கும் என்றதும் வகுப்பே வாயைப் பிளந்தது. அந்த உற்சாகத்தில் நான் மிதந்துகொண்டிருந்த வேளையில், கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"அண்ணா, இந்த எண்ண வச்சி என்னா செய்வாங்க?"

சற்றும் தயங்காமல் பதில் சொன்னேன். வங்கி அட்டை, இணையக் கடவுச்சொல் எல்லாவற்றையும் பாதுகாக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றேன். மாணவன் மனநிறைவோடு அமர்ந்தான். பின்னால் நின்ற ஆசிரியர் தலையசைத்தார். கைதட்டலும் கிடைத்தது.

நான் சொன்னது பொய். கெட்ட எண்ணத்தோடு சொன்ன பொய் அல்ல. எங்கோ கேட்டதை ஆராயாமல் ஒப்புவித்த பொய். பகா எண்கள் தகவல் பாதுகாப்புக்குப் பயன்படுகின்றன என்பது உண்மைதான். 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் ஆகிய மூவரும் வகுத்த ஆர்.எஸ்.ஏ. முறையில் இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்குத்தொகையை ஊரறிய வெளியிட்டு, காரணிகளை மட்டும் மறைத்து வைப்பார்கள். இன்று பரவலாக வழங்கும் 2,048 பிட் சாவிக்கு அந்த இரு பகா எண்களும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 இலக்கங்கள் கொண்டவையாக இருந்தால் போதும். 41 மில்லியன் இலக்கங்கள் கொண்ட எண்ணைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் கணினி திணறிப்போகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மறைத்து வைக்க வேண்டிய எண், உலக நாளேடுகளில் எல்லாம் வெளிவந்த எண்ணாக இருக்க முடியுமா? வீட்டுச் சாவியை வாசலில் மாட்டிவிட்டுப் பூட்டைப் புகழ்வதுபோல் ஆகிவிடும்.

ஆகவே, அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய நேர்மையான பதில் எது என்று யோசிக்கத் தொடங்கினேன். இக்கட்டுரை அந்த யோசனையின் விளைவு.

முதலில் அந்த எண்ணைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2-ஐ 2-ஆல் தொடர்ந்து பெருக்கி அதன் 136,279,841ஆம் அடுக்கைக் கண்டு, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் அந்த எண் கிடைக்கும். அவ்வளவுதான். 41 மில்லியன் இலக்கங்களைச் சுமக்கும் எண்ணின் முகவரி ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. கணினியின் மொழியாகிய ஈரடிமான முறையில் எழுதினால் அது இன்னும் வேடிக்கை. ஒரு சுழியம்கூட இல்லாமல், வரிசையாக 136,279,841 ஒன்றுகள்!

முழு எண்ணைக் காணாமலேயே அதன் கடைசி இலக்கத்தை நம்மால் சொல்லிவிட முடியும். 2-இன் அடுக்குகளை எழுதிப் பாருங்கள்: 2, 4, 8, 16, 32, 64. கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுழல்கிறது. 136,279,841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதம் 1. எனவே அடுக்கு 2-இல் முடிகிறது. 1-ஐக் கழித்தால் நம் எண் 1-இல் முடிகிறது. முகாமில் மாணவர்கள் தாங்களாகவே இதைக் கண்டுபிடித்தார்கள். நான் "ரிமெய்ண்டர்" என்று சொல்லிவிட்டு அதற்குத் தமிழ்ச்சொல் வராமல் விழித்தபோது, "மீதம்ணா" என்று எடுத்துக் கொடுத்ததும் அவர்களில் ஒரு சிறுமிதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தவன் நான். இடைநிலைப்பள்ளியில் பாக்கி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லையும், இங்கு வந்தபின் ஆங்கிலச் சொல்லையும் சொல்லிச் சொல்லியே அந்த எளிய சொல்லைத் தொலைத்திருக்கிறேன்.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் இடைச்செருகல். படிவம் ஒன்றில் இதே பாடத்தை "நொம்போர் பெர்டானா" என்று படித்தேன். பெர்டானா என்பது வடமொழியின் "பிரதான" என்ற சொல்லிலிருந்து மலாய்க்குப் போனது. தலைமையானது என்று பொருள். ஆங்கிலச் சொல்லும் முதன்மையைத்தான் சுட்டுகிறது. தமிழ்ச்சொல்லோ எண்ணுக்குப் பட்டம் சூட்டவில்லை, இயல்பைச் சொல்கிறது. பகு என்றால் பிரி. பகாத எண் என்பது ஈறு கெட்டுப் பகா எண் ஆயிற்று. நன்னூலின் பதவியல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்துக் காட்டும். 'வந்தான்' என்பதைப் பகுதி, விகுதி என்று பிரிக்கலாம். 'மரம்' என்பதைப் பிரித்தால் பொருள் இல்லை. 15 என்பதை 3, 5 எனப் பிரிக்கலாம். 17-ஐப் பிரிக்க முடியாது. இலக்கண வகுப்பில் எனக்குப் பகாப்பதம் புரிந்ததற்குக் காரணமே கணித வகுப்பில் படித்த பகா எண்தான். இதை வைத்துப் பவணந்தி முனிவருக்கு எண் கோட்பாடு தெரியும் என்று யாரும் மேடையேறிவிட வேண்டாம். சொல் பொருத்தமாக அமைந்திருக்கிறது என்பது மட்டுமே என் கருத்து.

மீண்டும் எண்ணுக்கு வருவோம். இரண்டின் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் எண்களை, பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த மெர்சென் என்னும் துறவியின் பெயரால் மெர்சென் எண்கள் என்பர். அவை எல்லாம் பகா எண்கள் ஆகிவிடுவதில்லை. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான். நான்காம் அடுக்கு தருவது 15; ஆறாம் அடுக்கு தருவது 63. இரண்டும் பிரிந்துவிடும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 3, 7, 31, 127 என்று பகா எண்களாகவே வருகின்றன. "ஆகா, விதி கிடைத்துவிட்டது" என்று துள்ளிக் குதிக்கும் நேரத்தில் பதினொன்றாம் அடுக்கு காலை வாரிவிடுகிறது. 2,047 என்பது 23-ஐ 89-ஆல் பெருக்கிய எண். நான்கு முறை சரியாக வந்ததால் ஐந்தாம் முறையும் சரியாக வரும் என்பது கணிதத்தில் செல்லாது.

மெர்சென் 1644-இல் வெளியிட்ட நூலில், 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண்ணைத் தரும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. பெரிய மனிதர் சொன்னதாயிற்றே என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. 67, 257 ஆகிய இரண்டும் தவறு; 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டிருந்தன. இந்தப் பட்டியல் முழுமையாகத் திருத்தப்படுவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முந்நூறு ஆண்டுகள்!

அந்த 67-இன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டின் 67ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 147,573,952,589,676,412,927. இது பகா எண் அல்ல என்று 1876-இல் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக்காரர் நிறுவினார். ஆனால், அதன் காரணிகள் எவை என்று அவருக்குத் தெரியாது. பிரியும் என்பது உறுதி. எங்கே பிரியும் என்பது தெரியாது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. காரணியைக் காட்டாமல் பகு எண் என்று எப்படிச் சொல்ல முடியும்? பிறகு 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டமொன்றில் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து வந்தார். கரும்பலகையில் இரண்டின் 67ஆம் அடுக்கைக் கையாலேயே கணக்கிட்டு 1-ஐக் கழித்தார். மறுபக்கம் 193,707,721 என்ற எண்ணை 761,838,257,287-ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. ஒரு சொல்கூடப் பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார், அவையோர் கைதட்டினர் என்று கணித வரலாற்று நூலாசிரியர் எரிக் டெம்பிள் பெல் எழுதியிருக்கிறார். பெல் கதைகளுக்கு மெருகேற்றுபவர் என்ற பேச்சும் உண்டு. எப்படியாயினும் அந்தப் பெருக்கல் சரியானதே. சந்தேகம் உள்ளவர் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிட்டதாகக் கோல் சொன்னாராம்.

கோல் கண்மூடித்தனமாகத் தேடியிருக்க மாட்டார். மெர்சென் எண்ணின் பகாக் காரணிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுக்கை இரட்டித்து அந்த எண்ணால் காரணியை வகுத்தால் மீதம் 1 வர வேண்டும். 11-க்கு 22: 23-ஐயும் 89-ஐயும் 22-ஆல் வகுத்துப் பாருங்கள். 67-க்கு 134: 193,707,721-ஐ 134-ஆல் வகுத்தால் மீதம் 1. இப்படிச் சலித்தெடுத்தாலும் எஞ்சும் எண்கள் மலைபோல் குவிந்துதான் கிடக்கும்.

இனி, காரணியே காணாமல் தீர்ப்புச் சொல்லும் அந்த வித்தை. லூக்கா வகுத்து, பின்னர் 1930-களில் லெமர் எளிமையாக்கிய இச்சோதனையை ஆறாம் ஆண்டு மாணவனும் செய்து பார்க்கலாம். 4-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தைக் கண்டு 2-ஐக் கழியுங்கள். விடையைச் சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதத்துக்கும் இதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்து முடிக்கும்போது சுழியம் வந்தால் அது பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண். இந்தச் சோதனை 2-ஐத் தவிர்த்த பிற பகா அடுக்குகள் அனைத்துக்கும் பொருந்தும்.

31-ஐ எடுத்துக்கொள்வோம். அது ஐந்தாம் அடுக்கு. ஆகவே மூன்று படிகள். 4-இன் வர்க்கம் 16, இரண்டைக் கழித்தால் 14. 14-இன் வர்க்கம் 196, கழித்தால் 194. 31-ஆல் வகுத்தால் மீதம் 8. எட்டின் வர்க்கம் 64, கழித்தால் 62. 31-ஆல் வகுத்தால் மீதம் சுழியம். ஆகவே 31 பகா எண். அதே வேலையை 2,047-க்கு ஒன்பது தடவை செய்தால் 14, 194, 788, 701, 119, 1,877, 240, 282 என்று அலைந்து கடைசியில் 1,736-இல் வந்து நிற்கும். சுழியம் இல்லை, எனவே பகு எண். 23 என்பதோ 89 என்பதோ இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏன் இப்படி அமைகிறது என்பதற்கான நிறுவலை நான் மூன்றாம் ஆண்டில்தான் படித்தேன். அதை இங்கே எழுத இடமில்லை. ஆனால் அது இரண்டு பக்கங்களில் அடங்கக்கூடியதுதான்.

லூக்கா இதே வழியில் 1876-இல் 127ஆம் அடுக்கு பகா எண்ணைத் தரும் என்று காட்டினார். 39 இலக்கங்கள் கொண்ட அந்த எண், மின்கணினி இல்லாத காலத்தில் மனிதக் கணக்கால் நிலைநாட்டப்பட்டது. 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களில் அதுவே பெரியது.

இப்போது நம் 41 மில்லியன் இலக்க எண்ணுக்கு வருவோம். அதற்கு அதே சோதனையை 136,279,839 தடவை செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் 41 மில்லியன் இலக்கங்கள் வரை நீளும் எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். இத்தகைய வேலையைப் பகிர்ந்து செய்வதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் கிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கினார். வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை எவரும் இதற்குக் கொடுக்கலாம். இத்திட்டத்தின் வழி பதினெட்டு மெர்சென் பகா எண்கள் கிடைத்துள்ளன. 2018 டிசம்பரில் கிடைத்த எண் 24,862,048 இலக்கங்கள் கொண்டது. அதன்பின் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஒன்றும் இல்லை.

2024 அக்டோபர் 11-இல், லூக் டுரண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல நாடுகளின் தரவு மையங்களில் வாடகைக்கு எடுத்து இயக்கிய வரைகலைச் செயலிகளில் ஒன்று, அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து ஒரு செய்தியைத் தந்தது: இந்த எண் பெரும்பாலும் பகா எண்ணாக இருக்கும். "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்த முதற்சோதனை தவறுவது அரிதிலும் அரிது. நாமாக இருந்தால் அன்றிரவே வாழ்த்துப் பதாகை அச்சாகியிருக்கும். அவர்கள் அதை ஏற்கவில்லை. மறுநாள் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் வேறொரு செயலியில் லூக்கா–லெமர் சோதனை முடிந்து சுழியம் வந்தது. அதுவும் போதாதென்று வெவ்வேறு மென்பொருள்களைக் கொண்டு வெவ்வேறு இயந்திரங்களில் மீண்டும் சரிபார்த்தனர். அக்டோபர் 21-ஆம் நாள்தான் உலகுக்கு அறிவித்தனர். அறியப்பட்டவற்றுள் அது 52ஆவது மெர்சென் பகா எண்.

என்னைக் கவர்ந்தது அந்தப் பத்து நாள்தான். முகாமில் நான் பேசியது 41 மில்லியனைப் பற்றி. பேசியிருக்க வேண்டியது இந்தப் பத்து நாளைப் பற்றி. அளவில் பெரியது என்ற பெருமை நிலையற்றது. நாளையே இன்னொரு எண் வந்து அதைத் தட்டிப் பறிக்கலாம். லூக்காவின் 39 இலக்க எண் இன்று ஒரு பொடியன். ஆனால் அது பகா எண் என்ற செய்தியில் ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. மெர்சென்னின் பட்டியலோ பெரும் பெயர் பெற்றது, ஆனால் தவறுகள் கொண்டது.

இந்த இடத்தில் நம் இராமானுஜனை நினைக்காமல் இருக்க முடியாது. நம் மேடைகளில் கணிதம் என்றால் இராமானுஜன், இராமானுஜன் என்றால் 1,729 என்ற வாடகை வாகன எண், அதோடு கைதட்டல் என்பது வழக்கமாகிவிட்டது. 1913-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்துகொண்டு அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில், குறிப்பிட்ட எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைக் கணிக்கும் கூற்றுகளும் இருந்தன. அவற்றில் அவர் நம்பிய அளவுக்குத் துல்லியம் இல்லை என்பதையும், பகா எண்களைப் பற்றிய அவருடைய வாதம் பழுதுபட்டது என்பதையும் ஹார்டியே பின்னாளில் எழுதினார். இதனால் இராமானுஜனின் உயரம் குறைந்துவிடவில்லை. அவருடைய மற்ற சூத்திரங்களைப் பிறர் பல்லாண்டுகள் உழைத்து நிறுவியதால்தான் அந்த உயரம் எவ்வளவு என்று நமக்கே தெரிந்தது. ஆனால் இந்தப் பகுதியை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. இராமானுஜனே ஆனாலும் நிறுவ வேண்டும் என்று ஒரு தமிழ் மாணவனுக்குச் சொல்வது, 1,729-ஐ நூறாவது முறை சொல்வதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

பயன் என்ற சொல் வந்துவிட்டது. அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். மெர்சென் பகா எண்களால் பயனே இல்லை என்று சொன்னால் அதுவும் இன்னொரு பொய். 1997-இல் ஜப்பானின் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கிய "மெர்சென் ட்விஸ்டர்" என்ற தற்செயல் எண் உருவாக்கி, 19,937ஆம் அடுக்கு தரும் மெர்சென் பகா எண்ணை அடிப்படையாகக் கொண்டது. பைதான் மொழியில் நிரல் எழுதும் நம் கணினித் துறை நண்பர்கள் தற்செயல் எண் கேட்கும்போதெல்லாம், தெரிந்தோ தெரியாமலோ அதைத்தான் கூப்பிடுகிறார்கள். 2016-இல் இன்டெல் நிறுவனத்தின் ஸ்கைலேக் செயலிகளில் இருந்த ஒரு பிழை, பகா எண் தேடும் மென்பொருளை ஓட்டியபோதுதான் வெளிப்பட்டது. ஆனால் இவையெல்லாம் தேடும் வழியில் கிடைத்த காய்கள். 41 மில்லியன் இலக்க எண்ணை வைத்து இன்று செய்யக்கூடிய வேலை, எனக்குத் தெரிந்தவரை, ஒன்றே ஒன்று. அதனோடு 136,279,840ஆம் அடுக்கைப் பெருக்கினால், தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக அமையும் ஒரு செவ்விய எண் கிடைக்கும். 6, 28, 496, 8,128 ஆகியவற்றின் வம்சத்தைச் சேர்ந்த அந்த எண்ணுக்கு 82,048,640 இலக்கங்கள். அதையும் வைத்து நாசி லெமாக் வாங்க முடியாது.

"அப்படியானால் எதற்கு மின்சாரத்தை வீணாக்க வேண்டும்?" என்று என் அறைத்தோழன் கேட்டான். பொறியியல் மாணவன், கேட்கத்தான் செய்வான். கேள்வியில் நியாயமும் உண்டு. அத்தனை செயலிகளை ஓராண்டு வாடகைக்கு இயக்குவது நம்மைப் போன்றோர் கனவிலும் காண முடியாத செலவு. அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுப்பதற்காக, பாட அட்டவணையில் இடமில்லாத வகுப்புக்குப் பள்ளி முடிந்தபின் போய் உட்கார்ந்தவர்கள் நாம் இருவரும். அப்போது நம்மிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எடுத்தால் என்ன வேலை கிடைக்கும்? புள்ளி குறைந்தால் உபகாரச் சம்பளம் போய்விடாதா? நம்மில் பலர் அதற்கு ஒரு கற்பனைப் பயனைச் சொல்லித் தப்பித்தோம். அல்லது உலகின் மூத்த மொழி என்று அளவைச் சொல்லி வாயடைத்தோம். பிடித்திருந்தது, புரிந்தது, இன்னும் புரிந்துகொள்ள ஆசைப்பட்டோம் என்ற உண்மையைச் சொல்ல மட்டும் வெட்கப்பட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. மின்சாரக் கட்டணம் பற்றிய பேச்சையும் விடவில்லை.

கழகத்தின் முந்தைய ஆண்டிதழ்களை நூலகத்தில் புரட்டினேன். கவிதைகள் உண்டு, சிறுகதைகள் உண்டு, தமிழின் தொன்மை பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. நான் பார்த்தவற்றில் ஒரு தேற்றம்கூட இல்லை. அறிவியலையும் கணிதத்தையும் பயிலும் தமிழ் மாணவர்கள் நம்மில் பாதிப் பேராவது இருப்போம். படிப்பு ஓரிடம், தமிழ் ஓரிடம் என்று இரண்டு அறைகளில் வாழ்கிறோம். கலைச்சொல் இல்லை என்று சிலர் சொல்வர். இந்தக் கட்டுரையில் நான் பயன்படுத்திய அடுக்கு, வர்க்கம், காரணி, மீதம் ஆகியவை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தெரிந்த சொற்கள். அவற்றைக் கொண்டே அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணின் சோதனை வரை வந்துவிட்டோம். அந்த வர்க்கங்களைக் கணினி விரைவாகக் காணும் ஃபூரியர் வழிமுறையை நான் விளக்கவில்லை. சொல் இல்லாததால் அல்ல, எனக்கே அது இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. அடுத்த இதழில் கணினித் துறையினர் யாராவது அதை எழுதினால் முதலில் வாசிப்பவன் நானாக இருப்பேன். ஆசிரியர் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள்: மரபுக்கவிதைக்கு ஒதுக்கும் பக்கங்களில் நான்கை, நிறுவலோடு கூடிய ஒரு கணிதக் கட்டுரைக்கு ஒவ்வோராண்டும் ஒதுக்குங்கள். கவிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு இவ்வாண்டும் போகிறோம். ஆனால் கேள்வி கேட்ட மாணவன் இப்போது அங்கில்லை; இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். இந்நேரம் நொம்போர் பெர்டானா என்று படித்துக்கொண்டிருப்பான். ஒருவேளை, அது வங்கி அட்டைக்கு உதவும் என்று பக்கத்து மேசைக்காரனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டும் இருப்பான். அவனுடைய தங்கை இன்னும் அங்கேதான் படிக்கிறாள் என்று ஆசிரியர் சொன்னதால், அவள் வழியாக ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். அண்ணா அன்று சொன்னது தவறு என்று முதல் வரியிலேயே எழுதினேன். ஆர்.எஸ்.ஏ. பற்றி ஒரு பத்தி. கோல் கரும்பலகையில் எழுதிய பெருக்கல். 31-க்கான மூன்று படிகள். அதற்குக் கீழே 127-ஐ எழுதி, ஐந்து படிகள் என்று குறித்து, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். முதல் விடை 14, அடுத்தது 67. பதில் இன்னும் வரவில்லை.